கழுத்துவலியும் முதுகுவலியும்: வீட்டுப் பொருள்களே கருவிகள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பால்வெட்டுத் தொழிலாளிக்கு அச்சுவர் அவருடைய உடலே ஆகும். உளி மழுங்கினால் தீட்டிக் கொள்ளலாம். வாளி ஓட்டையானால் வேறொன்று வாங்கலாம். முதுகு பழுதுபட்டால் மாற்று முதுகு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

அண்மையில் ஒரு தோட்டத்தில் சுகாதார விளக்கக் கூட்டத்தை முடித்துக் கொண்டு நாம் புறப்படும் வேளையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் நம்மை அணுகினார். "ஐயா, காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முதுகும் பலகைபோல் இருக்கிறது. சாயங்காலம் பேரனை முதுகின்மேல் ஏறி மிதிக்கச் சொல்கிறேன். மிதித்தால் சுகமாகத்தான் இருக்கிறது. இது சரிதானா?" என்று கேட்டார். "வலிக்கு ஓய்வு எடுத்தீர்களா, அம்மா?" என்று நாம் வினவினோம். "ஓய்வெடுத்தால் அன்றைய சம்பளம் யார் தருவார், ஐயா?" என்று சிரித்துக்கொண்டே கூறினார்.

அந்தச் சிரிப்பிற்குள் ஒரு குடும்பத்தின் கவலை அடங்கியிருந்தது. அவருக்கு அன்று நின்ற நிலையில் கூறிய விடையை, எல்லாருக்கும் பயன்படும் வண்ணம் இங்கே விரிவாகத் தருகின்றோம்.

வலி எவ்வாறு பிறக்கின்றது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறம் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகள் உள்ளன. இவ்வடுக்கு சாயாமல் இருபுறமும் இழுத்துப் பிடித்து நிற்பவை தசைகள். கூடாரத்தின் நடுக்கம்பை நான்கு பக்கமும் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கயிறு ஒன்று ஓயாது இழுபட்டால் அது விறைத்துப் போகும். தசையும் அவ்வாறே.

வளர்ந்த மனிதரின் தலை ஏறக்குறைய நான்கரை முதல் ஐந்து கிலோ எடையுள்ளது. தலை நேராக இருக்கும்போது அவ்வெடையை எலும்புகள் தாங்குகின்றன. தலை முன்னே கவிழ்ந்தால் பின்கழுத்துத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகின்றது. பால் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை மாறவில்லை, ஆனால் கை தாங்கவில்லை. கழுத்தின் நிலையும் இதுவே.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் காலையில் 500 மரங்களை வெட்டுகிறார் எனக் கொள்வோம். வெட்டும்போது ஒரு முறை, மங்கிலிருந்து பால் எடுக்கும்போது ஒரு முறை என ஒரு மரத்திற்கு இரு முறை குனிந்தால், ஒரு நாளில் 1000 முறை குனிகிறார். வெட்டுப்பட்டை கீழே இறங்க இறங்கக் குனிவும் கூடுகின்றது. மேல்பட்டையை வெட்டுவோர் நிலை வேறு. அவர்கள் கழுத்தைப் பின்னே சாய்த்து, கைகளை உயர்த்தி, நீண்ட பிடியுள்ள உளியைத் தள்ள வேண்டும். அவர்களுக்குத் தோள்பட்டையின் மேற்புறமும் பிடரியும் முதலில் வலிக்கும்.

அதன்மேல் சுமை வேறு. 18 லிட்டர் கொள்ளும் வாளி நிறையப் பால் இருந்தால் அதன் எடை கிட்டத்தட்ட 18 கிலோ. காண்டாக் கம்பில் இரண்டு வாளி என்றால் 36 கிலோ. கட்டிப்பாலைச் சாக்கில் கட்டித் தூக்குவோருக்கும் எடை இதற்குக் குறைந்திராது.

இவ்வலி உலகில் பலருக்கும் உள்ளதே. 2020-ஆம் ஆண்டில் இடுப்புவலியுடன் வாழ்ந்தோர் 61 கோடியே 90 லட்சம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அமெரிக்க அதிபராக 1961-இல் பதவியேற்ற ஜான் கென்னடியும் தீராத முதுகுவலியால் துன்புற்றவரே. அவருடைய மருத்துவராக வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த ஜேனட் டிராவெல் அம்மையார், தசையில் தோன்றும் வலிமுடிச்சுகளைப் பற்றி ஆராய்ந்தவர். 1983-இல் டேவிட் சைமன்ஸ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து அது குறித்து விரிவான நூலும் வெளியிட்டார். ஓரிடத்துத் தசை இறுகினால் வலி வேறோரிடத்தில் தோன்றக்கூடும் என்பதை அந்நூல் விளக்கியது. தோளின் மேற்புறத் தசை இறுகினால் தலையின் பக்கவாட்டில் வலிப்பதுண்டு. பிட்டத்தின் தசை இறுகினால் இடுப்பும் தொடையும் வலிப்பதுண்டு. அம்முடிச்சுகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதில் மருத்துவரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது. மிதமாக அழுத்தினால் வலி குறைவதைப் பலரும் அனுபவத்தில் கண்டுள்ளனர்.

அழுத்துவதால் முடிச்சு உடைந்து போகின்றது என்று எண்ணலாகாது. மெல்லிய அழுத்தம் நரம்புகளை அமைதிப்படுத்துகின்றது. இறுகிய தசை சற்றே தளர்கின்றது. அந்தச் சுகம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ நிற்கும். அந்த இடைவேளையில் உடலை அசைத்துப் பழக்குவதே நிலையான பயனைத் தரும்.

கருவிகள்

இவற்றிற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை.

1. பழைய டென்னிஸ் பந்து ஒன்று அல்லது இரண்டு. பள்ளிப் பிள்ளைகள் ஆடித் தேய்ந்த பந்தே நல்லது. அது சற்று மென்மையாக இருக்கும். இப்பந்தின் உட்கூடு ரப்பரால் ஆனது. நம் கை வெட்டிய பால் பந்தாகி நம் முதுகிற்கே துணையாக வருகின்றது எனலாம்.

2. நீண்ட காலுறை ஒன்று. பந்தை இதனுள் இட்டு முடிச்சுப் போட்டால் நழுவாது.

3. குளிக்கும் துண்டு ஒன்று.

4. வளைந்த கைப்பிடியுள்ள குடை. கைப்பிடியின் முனை மழுங்கியிருத்தல் வேண்டும்.

கல், உலக்கை, இரும்புக் குழாய் முதலிய கடினமான பொருள்கள் வேண்டா. அவை தசையைக் கன்றச் செய்யும்.

செய்முறை

வேலை முடிந்து குளித்தபின், உடல் சூடாக இருக்கும்போது செய்வது சிறந்தது. வயிறு நிறைய உண்டவுடன் செய்யலாகாது. அழுத்தத்திற்கு ஓர் அளவு சொல்கிறோம். வலியே இல்லாமையைச் சுழி என்றும், தாங்க முடியாத வலியைப் பத்து என்றும் கொண்டால், நான்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது. அழுத்தும்போது மூச்சு இயல்பாக ஓட வேண்டும். மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்க நேர்ந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

முதுகின் மேற்பகுதிக்கு: சுவருக்கு முதுகு காட்டி நின்று, பாதங்களைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே வைக்கவும். காலுறையிலிட்ட பந்தைத் தோளின் மேலாகப் பின்னே தொங்கவிட்டு, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள சதையில் படுமாறு சுவரோடு சாயவும். பந்து சதையின்மேல் இருக்க வேண்டும். முதுகெலும்பின்மேல் இருக்கக் கூடாது. முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்ந்தால் பந்து மேலும் கீழும் உருளும். வலிக்கும் இடம் அகப்பட்டதும் அங்கே நிறுத்தி, அரை நிமிடம் நிதானமாக மூச்சு விடவும். பிறகு அடுத்த இடத்திற்குச் செல்லவும். ஓரிடத்தில் ஒரு நிமிடத்திற்கு மேல் நிற்க வேண்டா.

பிடரிக்கு: இரண்டு பந்துகளைக் காலுறையில் ஒட்டினாற்போல் இட்டு இருமுனையும் கட்டவும். பாயில் மல்லாந்து படுத்து, மண்டையோட்டின் கீழ்விளிம்பில் இரு பந்தும் இருபுறமாக அமையும்படி வைக்கவும். நடுவிலுள்ள பள்ளத்தில் கழுத்தெலும்பு இருக்கும். தலையின் பாரமே போதும். கையால் அழுத்த வேண்டா. "ஆம்" என்று தலையசைப்பது போல் மிகச் சிறிதாக அசைத்து, ஒன்றிரண்டு நிமிடம் இருக்கவும். தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

தோளின் மேற்புறத்திற்கு: காண்டாக் கம்பு படும் இடம் இது. நாற்காலியில் அமர்ந்து, குடையின் வளைந்த கைப்பிடியை வலத்தோளின் மேற்சதையில் மாட்டி, முன்புறமாகத் தொங்கும் குடையை இரு கைகளாலும் மெதுவாகக் கீழே இழுக்கவும். இழுத்தபடியே தலையை இடப்புறமாகச் சிறிது சாய்த்தால் தசை நீளுவதை உணரலாம். அரை நிமிடம் கழித்துத் தளர்த்தி, மறுபுறம் செய்யவும். கைப்பிடி தோளின் சதையிலேயே இருத்தல் வேண்டும். கழுத்தின் பக்கவாட்டிலோ முன்புறத்திலோ படவே கூடாது. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெரிய குழாய்கள் அங்கே உள்ளன.

இடுப்பிற்கு: இடுப்புவலி உள்ளோர் பலர் இடுப்பையே அழுத்துவர். முதலில் பிட்டத்தின் தசையை நாட வேண்டும். பாயில் படுத்து, இரு முழங்காலையும் மடக்கி, ஒரு பந்தைப் பிட்டத்தின் மேல்வெளிப் பகுதியின் அடியில் வைத்து மெல்லச் சாயவும். பாரம் மிகுதியாகத் தோன்றினால் சுவரில் சாய்ந்தபடி செய்யவும். பந்து பட்டதும் கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் அது நரம்பு. பந்தை இடம் மாற்ற வேண்டும். இடுப்பின் பின்புறம் விலா எலும்புக்குக் கீழே சிறுநீரகங்கள் உள்ளமையால் அங்கே வன்மையாக அழுத்தலாகாது.

குனிந்த முதுகு நிமிர: துண்டைச் சுருட்டி, தோள்பட்டைகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுக்கவும். கைகளை இருபுறமும் விரித்து இரண்டு நிமிடம் இருக்கவும். காலை முழுதும் ஒடுங்கியிருந்த நெஞ்சு விரியும்.

எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் போதும். முடிந்ததும் படுத்துவிடாமல், வீட்டைச் சுற்றி ஐந்து நிமிடம் நடக்கவும். மறுநாள் அழுத்திய இடத்தில் கடுமையான வலியோ நீலம் பாய்ந்த தடமோ இருந்தால், அளவு மிஞ்சிவிட்டது. இரண்டு நாள் விட்டுப் பிறகு மென்மையாகச் செய்யவும்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பதினைந்து நிமிடம் போடுவதும் சுகம் தரும். ஆனால் தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைத்தால் தோல் வெந்துவிடும். நீரிழிவு நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டின் அளவைப் பிறரைக் கொண்டு பார்த்துக் கொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பிள்ளைகளை முதுகின்மேல் ஏறி மிதிக்கச் செய்வதை விட்டுவிடுக. பிள்ளையின் பாதம் எங்கே வழுக்கும் என்று யாரும் அறியார். வயது ஏற ஏற, சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு வலுவிழக்கின்றது; விலாவும் முள்ளெலும்பும் முறியக்கூடும். கழுத்தைத் திடீரெனத் திருப்பிச் சொடுக்கு எடுப்பதும் ஆபத்தானது.

வலியை மறக்கச் சம்சு அருந்துவோர் உளர். மது வலியைப் போக்குவதில்லை. வலியைச் சொல்லும் வாயை அடைக்கின்றது, அவ்வளவே. மறுநாள் வலியும் இருக்கும், கையிலிருந்த பணமும் இராது.

விலாசமில்லாத மாத்திரைகளும் மருந்துப் பொடிகளும் இன்னொரு கேடு. ஒரே நாளில் வலியைப் போக்குவதாக விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. அம்மருந்து நெடுநாள் சென்றால் எலும்பையும் குருதியின் சர்க்கரை அளவையும் கெடுக்கும். டப்பாவில் "மால்" என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கருவுற்ற தாய்மார்களும், குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும், எலும்பு முறிவு அல்லது எலும்புத் தேய்வு உள்ளோரும் மருத்துவரைக் கேளாமல் இம்முறைகளைச் செய்யலாகாது.

பந்து போதாத வலிகள்

இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுவே. தசைவலி பெரும்பாலும் வேலையோடு கூடி, ஓய்வோடு குறையும். தொட்டால் "இங்கேதான்" என்று காட்டலாம். ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். அவ்வாறன்றிப் பின்வருவனவற்றுள் ஒன்றிருந்தாலும் பந்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்:

கை அல்லது காலில் மரத்துப் போதல், வலுக்குறைவு. மோட்டார் சைக்கிளிலிருந்தோ மேட்டிலிருந்தோ விழுந்தபின் வந்த வலி. இரவில் படுத்தாலும் தணியாத வலி. காரணமின்றி உடல் மெலிதல். முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி.

காய்ச்சலோடு முதுகும் கெண்டைக்காலும் வலித்தால் அதனை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சலும், டெங்கிக் காய்ச்சலும் தசைவலியோடு தொடங்குவதுண்டு. ஈரக்காட்டில் நடக்கும் தொழிலாளர் இதனை மறத்தலாகாது. "பால்மரம் வெட்டுகிறவன்" என்று மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். அச்சொல் அவருக்குத் துப்புக் கொடுக்கும்.

நெஞ்சை அழுத்தி, தோள், தாடை, இடக்கை என வலி பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். அப்பொழுது ஒரு நிமிடமும் வீணாக்காமல் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

நாம் அறிந்த தொழிலாளி ஒருவர் நாற்பதைக் கடந்தவர். சுமை தூக்குவதில் வல்லவர். இடுப்புவலி காலுக்கு இறங்கியது. எண்ணெய் தேய்த்தார்; உருட்டினார்; அழுத்தினார். பாதம் மரத்தது, அதையும் பொறுத்தார். பிறகு இருக்கையில் படும் பகுதியில் உணர்ச்சி குன்றி, சிறுநீர் கழிக்கவும் முடியாது போயிற்று. அதன்பின்னரே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். அறுவை செய்தும் ஒரு பாதம் பழைய வலுவுக்கு மீளவில்லை. இன்று அவர் மரம் வெட்டுவதில்லை. முதுகுவலியோடு சிறுநீர் தடைப்பட்டாலும், மலம் அடங்காமற் போனாலும், அவ்விடம் மரத்தாலும் அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பொறுமை நல்ல குணம்தான். இவ்விடத்தில் அது பகையாகும்.

வேலையின்போது விழுந்தோ சுமை தூக்கியோ முதுகில் அடிபட்டால், அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்து கொள்க. பெர்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் இழப்பீடு கோருவதற்கு அப்பதிவும் மருத்துவச் சான்றும் துணை செய்யும்.

மரத்தடியில் செய்ய வேண்டியவை

வீட்டில் பத்து நிமிடம் தளர்த்திவிட்டு, காட்டில் ஐந்து மணி நேரம் இறுக்கினால் பயன் என்ன?

உளியைக் கூராக வைத்திருக்கவும். மழுங்கிய உளிக்குத் தோள் இரட்டிப்பாக உழைக்கின்றது. தாழ்ந்த பட்டையை வெட்டும்போது முதுகை மட்டும் வளைக்காமல் முழங்காலையும் மடக்கவும். இடுப்பைத் திருகாமல் மரத்தைச் சுற்றி அடியெடுத்து வைக்கவும். ஒரு நிரை முடிந்ததும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி மும்முறை மெல்லப் பின்னே சாயவும். காண்டாக் கம்பைத் தோள் மாற்றிச் சுமக்கவும்.

நம் நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2018-இல் வெளியிட்ட சுமை தூக்கும் வழிகாட்டியில், இடுப்பளவு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்குவதற்கு ஆண்களுக்கு 25 கிலோவும் பெண்களுக்கு 16 கிலோவும் அளவாகக் கூறப்பட்டுள்ளன. தரையிலிருந்து தூக்கும்போது அளவு இன்னும் குறையும். நிறைந்த வாளி 18 கிலோ என்று முன்பே கண்டோம். ஆகவே அரைவாளியாக இரண்டு நடை செல்வது சோம்பல் அன்று; அறிவுடைமை. ஒரு வாளியை இருவர் பிடித்து ஏற்றுவதும் அவ்வாறே. இதனை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லத் தொழிலாளர் தயங்க வேண்டியதில்லை.

நீண்டநாள் இடுப்புவலிக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியும், உடற்பயிற்சியையும் தடவுதல் சிகிச்சையையும் உதவும் முறைகளுள் சேர்த்துள்ளது. இடுப்புப் பட்டியை வழக்கமாகக் கட்டுவதை அது பரிந்துரைக்கவில்லை.

முடிவுரை

அந்த அம்மையாரை நாம் சில வாரங்களுக்குப் பிறகு மீண்டும் கண்டோம். வலி அறவே போய்விட்டது என்று அவர் கூறவில்லை. "கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது, ஐயா. பேரன்தான் கோபமாக இருக்கிறான். முதுகில் ஏற விடவில்லை; அவன் பந்தையும் எடுத்துக் கொண்டேன்" என்றார். தோட்டத்து கிளினிக்கில் எலும்பைச் சோதித்துக் கொள்ளவும் நாள் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவர் சரியான வழியில் செல்கின்றார்.

பாடத்தை நினைவிற் கொள்ள மூன்று வினாக்கள். குடும்பத்தாருடன் அமர்ந்து விடை கூறிப் பார்க்கவும்.

1. பந்தை எலும்பின்மேல் வைக்க வேண்டுமா, சதையின்மேல் வைக்க வேண்டுமா?

2. அழுத்தம் மிகுந்துவிட்டது என்பதை எவ்வாறு அறியலாம்?

3. எந்த அடையாளங்கள் தோன்றினால் பந்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும்?

மூன்றாம் வினாவிற்கு வீட்டிலுள்ள எல்லாரும் விடை சொல்லக் கற்றுக் கொண்டால், நாம் இதனை எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.